மரிம்பாவின் சுற்றம்

சென்ற ஆண்டின் இறுதியில் எங்கள் விடுதித் தமிழ்க் கூட்டத்தில் நண்பர் ஒருவர், 'உலகத்து இசைக்கருவிகள் யாவும் தமிழர் கருவிகளினின்றே பிறந்தன' என்னும் பொருள்பற்றி அரைமணி நேரம் முழங்கினார். ஆப்பிரிக்கர் மரக்கட்டைகளை நிரல்பட அடுக்கிக் கோல்கொண்டு தட்டுகின்றனர். நாமும் பலாமரத்தைக் குடைந்து மிருதங்கம் செய்து தட்டுகின்றோம். அவர்தம் கருவியின் கீழ்ச் சுரைக்குடுக்கை தொங்குகின்றது. நம் வீணையிலும் சுரைக்குடுக்கை உண்டு. ஆகவே அவர் கருவி நம் கருவியின் வழித்தோன்றல் என்பது நண்பர் முடிபு. அவையினர் கைகொட்டி ஆரவாரித்தனர். யானும் கொட்டினேன், பொய் கூறுவானேன்? தமிழ் பயிலும் மாணவன் ஒருவனுக்கு அத்தகைய உரை தேனினும் இனிப்பது. ஆயினும் அந்தக் கைதட்டலை இப்பொழுது திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டியவனாய் இருக்கின்றேன். அதற்குக் காரணமாயது ஒரு வேங்கைமரத் துண்டு.

விடுமுறையில் ஊர் சென்றபோது அவ்வுரையை அப்படியே ஒரு பெரியவரிடம் ஒப்பித்தேன். அவர் எங்கள் திருச்சபையைச் சேர்ந்தவர். சிம்பாப்வே நாட்டில் நெடுங்காலம் பள்ளியாசிரியராய் இருந்து மீண்டவர். அவர் வீட்டுக் கூடத்தில் அந்நாட்டு மரிம்பா ஒன்று உண்டு. இடுப்பளவு உயர்ந்த சட்டத்தின்மேல் மரக்கட்டைகள் கயிற்றில் கோக்கப்பட்டு வரிசையாய்க் கிடக்கும். ஒவ்வொன்றின் கீழும் ஒலியை ஏற்றுப் பெருக்கும் குழாய் ஒன்று நிற்கும். நுனியில் இரப்பர் சுற்றிய கோலால் தட்டுவர். யான் கூறியதை முறுவலோடு கேட்டிருந்த பெரியவர், "தம்பி, உறவு கொண்டாடுவது இருக்கட்டும். முதலில் எட்டுக் கட்டை செய்து சுருதி கூட்டிக்கொண்டு வா, பிறகு பேசுவோம்" என்றார்.

எங்கள் தெருக்கோடியில் தச்சுப்பட்டறை வைத்திருக்கும் ஆசாரியாரிடம், கதவுநிலைக்கு அறுத்ததுபோக எஞ்சிய வேங்கைத் துண்டுகள் கிடந்தன. குரல் முதல் தாரம் வரை ஏழும் மேற்குரல் ஒன்றுமாக எட்டுக் கட்டைகள் அறுப்பதென முடிவு செய்தோம். முதற் கட்டை 40 சென்டிமீட்டர். மேற்குரலுக்கு அதிற் பாதியாகிய 20 போதும் என்று யான் அளந்து கோடிட்டேன். நரம்பைப் பாதியாக்கின் சுருதி இரட்டிக்கும் என்பது விபுலானந்த அடிகளின் யாழ்நூலைப் (1947) புரட்டியவர் யாவரும் அறிந்ததன்றோ? நல்வேளையாக, அறுப்பதற்கு முன்னர்ப் பெரியவர் வந்து தடுத்தார். நரம்பின் இலக்கணம் வேறு, கட்டையின் இலக்கணம் வேறு. பருமன் மாறாத கட்டையைப் பாதியாக்கின் அதன் சுருதி நான்கு மடங்காகும்; அஃதாவது இரண்டு ஸ்தாயி மேலே போய்விடும். ஒரு ஸ்தாயி மட்டும் ஏறவேண்டுமாயின் 28 சென்டிமீட்டரே கணக்கு. நூலறிவு எனக்கு முதன்முதலாகத் துணைசெய்யாது போன இடம் அது.

அடுத்தது, கயிறு கோக்கும் துளை. கட்டை அதிரும்போது அதன் எல்லா இடமும் அதிர்வதில்லை. இரண்டு இடங்கள் அசையாது நிற்கும். கட்டையின்மேல் உப்பைத் தூவி நடுவே மெல்லத் தட்டிக்கொண்டே இருந்தால் உப்புத் துள்ளித் துள்ளிச் சென்று இரண்டு கோடுகளில் அடங்கிவிடும். ஒவ்வொரு முனையினின்றும் நீளத்தில் நூற்றுக்கு 22.4 பங்கு தள்ளி அக்கோடு விழும் என்பது கணிதம். 40 சென்டிமீட்டர்க் கட்டையில் ஏறத்தாழ 9 சென்டிமீட்டர். அவ்விடத்தில் துளையிட்டுத் தொங்கவிட்டால் கட்டை நெடிது ஒலிக்கும். பிற இடத்தில் துளையிட்டால் கதவைத் தட்டினாற்போல் 'டொக்' என்று நின்றுவிடும். ஆசாரியார் உப்பு விளையாட்டை இரண்டு முறை கண்டார்; மூன்றாவது கட்டைக்கு உப்பு வேண்டாம் என்று கூறித் தம் விரல்களால் கட்டையைப் பிடித்து, தட்டி, பிடித்த இடத்தைச் சிறிது சிறிதாக மாற்றி, ஒலி தெளிந்த இடத்தில் பென்சிலால் புள்ளி வைத்தார். அளந்து பார்த்தேன், கணக்கும் அவர் விரலும் ஒன்றாகவே இருந்தன.

இனிச் சுருதி கூட்டுதல். கட்டையின் அடிப்புறத்தை நடுவில் செதுக்கினால் அவ்விடம் நெகிழ்ந்து சுருதி இறங்கும்; முனைகளைக் குறைத்தால் பாரம் நீங்கிச் சுருதி ஏறும். கேட்பதற்கு எளிதே. ஆனால் ஒரு கட்டையில் பிறப்பது ஒரு சுருதி மட்டுமன்று. செதுக்காத கட்டையில், அடிச்சுருதியோடு அதன் 2.76 மடங்காகிய மற்றொரு சுருதியும் உடன்பிறந்து, எந்த இசையோடும் ஒட்டாமல் உறுத்திக்கொண்டிருக்கும். அடிப்புறத்தை வில்லென வளைத்துச் செதுக்கச் செதுக்க, அடிச்சுருதி விரைந்து இறங்க, அவ்வுடன்சுருதி அத்துணை விரைந்து இறங்காமையால் இரண்டுக்கும் இடைவெளி அகலும். அது சரியாக 4 மடங்கான போது இரண்டு ஸ்தாயிக்கு மேல் நின்று அடிச்சுருதியோடு இயைந்து ஒலிக்கும். இக்கால மேனாட்டு மரிம்பாக்களை அவ்வாறே கூட்டுகின்றனர். சைலோஃபோன் என்னும் அதன் உடன்பிறப்பிற்கு 3 மடங்கு. இழைப்புளி, அரம், உப்புத்தாள் என்று ஒன்றன்பின் ஒன்றாய் மெல்ல மெல்லச் செல்லவேண்டிய வேலை அது. செதுக்கிய மரத்தை மீட்டும் ஒட்டவைத்தல் இயலாது.

மூன்றாவது கட்டையில் யான் அவசரப்பட்டேன். ஆசாரியார் உணவுக்குச் சென்றிருந்தார். கைப்பேசியில் சுருதி காட்டும் முள்ளையே பார்த்துக்கொண்டு உளியைச் சற்று அழுத்திவிட்டேன். சுருதி வேண்டிய அளவிற்குக் கீழே போய்விட்டது. ஏற்றுவதற்காக முனைகளை அறுத்தேன். சுருதி ஏறியது, ஒலி செத்துவிட்டது. நீளம் குறைந்தமையால் அசையாக் கோடுகள் இடம் பெயர்ந்துவிட, முன்னர் இட்ட துளைகள் அதிரும் இடத்தில் அகப்பட்டுக்கொண்டன. திரும்பி வந்த ஆசாரியார், "தம்பி, கருவியைப் பார்த்து வேலை செய்தாய்; கட்டையைக் கேட்கவில்லை" என்றார். குரல் முதலாக எண்ண மூன்றாவது இசைக்குக் கைக்கிளை என்று பெயர். ஒருதலைக் காமத்திற்கும் அதுவே பெயராதலின் நண்பர்கள் அக்கட்டையை வைத்து என்னை ஏளனம் செய்வதை இன்னும் விடவில்லை.

இவ்வளவையும் விரித்தற்குக் காரணம் உண்டு. செய்து பார்த்த பின்னர் நண்பர் உரையின் பிழை எனக்குத் தானே விளங்கிற்று. மரக்கட்டையை நடுவில் செதுக்குதலும், முனையிலிருந்து கால்பங்கிற்குச் சற்றுக் குறைவான இடத்தில் கட்டுதலும் ஒருவர் மற்றொருவர்க்குக் கற்பிக்க வேண்டுவன அல்ல. அவற்றை மரமே கற்பிக்கின்றது. கினியாவில் இருப்பவனும் சாவகத்தில் இருப்பவனும் எங்கள் தெரு ஆசாரியாரும் ஒரே ஆசிரியரிடம் பாடம் கேட்டவர்கள். அதனால் ஒருவர்க்கொருவர் மாணாக்கர் ஆகிவிடார்.

நம் மிருதங்கமே இதற்குச் சான்று. வெறுந்தோலைத் தட்டினால் அதன் உடன்சுருதிகள் அடிச்சுருதியோடு இயையாமல் சிதறும். வலந்தலையின் நடுவே கருங்கரணையைப் பூசிப் பாரம் ஏற்றுவதால் அவை ஒழுங்குபட்டு இயைகின்றன என்பதைத் திருச்சிராப்பள்ளியிற் பிறந்த சர் சி. வி. இராமன் 1920-ஆம் ஆண்டில் விளக்கிக் காட்டினார். மரிம்பாக்காரன் நடுவிலே குறைக்கின்றான். நம்மவன் நடுவிலே கூட்டுகின்றான். இருவரும் தேடுவது ஒன்றே. இவ்வொற்றுமை எனக்குப் பெருமகிழ்ச்சி தருகின்றது. எனினும் இது செவியின் ஒற்றுமை. குலத்தின் ஒற்றுமை என்று இதனைக் கூறுவதற்கில்லை.

மரங்களின் கதையோ இன்னும் வியப்பானது. மேற்கு ஆப்பிரிக்கர் பாலஃபோன் என்னும் கட்டைக்கருவிக்கு எடுக்கும் மரமும், சிம்பாப்வே நாட்டு முக்வா மரமும், நம் குறிஞ்சி வேங்கையும், செஞ்சந்தனமும் தாவர நூலாரின் கணக்கில் டெரோகார்ப்பஸ் என்னும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை. குவாத்தமாலாவில் எடுக்கும் ஓர்மிகோ மரமும் இவற்றிற்கு நெருங்கிய சுற்றமே. இதனை அறிந்த அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. நண்பர் கூறியது ஒருவேளை மெய்தானோ என்றுகூட எண்ணினேன். பின்னர்த் தெளிந்தேன். அங்கங்கே வாழ்ந்த மக்கள் அங்கங்கே வளர்ந்த மரங்களைத் தட்டித் தட்டிப் பார்த்து, நன்கு ஒலித்ததை எடுத்துக்கொண்டனர், அவ்வளவே. மொசாம்பிக் நாட்டுச் சோப்பியர் தம் திம்பிலாக் கருவிக்கு எடுக்கும் முவெஞ்சே மரம் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே அன்று. ஆயினும் மணிபோல் ஒலிக்கின்றது. மரங்கள் உறவாயிருத்தலால் மரத்தைச் செதுக்கியவர் உறவினர் ஆகார்.

அங்ஙனமாயின் கருவிகளுக்குள் உறவே இல்லையோ எனின், உண்டு. அதனை அறியும் வழியும் உண்டு. எங்கள் ஆனர்ஸ் வகுப்பில் கால்டுவெல் ஐயரின் ஒப்பிலக்கணம் (1856) பயில்கின்றோம். இரண்டு மொழிகளில் இரண்டொரு சொற்கள் ஒலியால் ஒத்திருந்தால் அம்மொழிகள் உறவாகிவிடா. தற்செயலாலும் கடனாலும் அவ்வாறு நிகழும். இடப்பெயர், எண்ணுப்பெயர், விகுதி என எளிதில் கடன்படாத உறுப்புகள் முறைபட ஒத்திருந்தாலன்றி உறவு நாட்டுதல் ஆகாது. கருவிக்கும் இஃது ஒக்கும். மரத்தின் இயற்கை கட்டாயப்படுத்துகின்ற கூறுகளை முதலிற் கழித்துவிடல் வேண்டும். கட்டாயம் ஏதுமின்றி மனிதர் தம் விருப்பத்தாலே வைத்துக்கொண்ட கூறு யாது என்று பின்னர்த் தேடல் வேண்டும்.

பேரறிஞரும் இவ்விடத்தில் இடறியதுண்டு. ஆங்கிலத் திருச்சபை மிஷனெரியாய் இன்றைய சாம்பியாவில் பணிபுரிந்த ஏ. எம். ஜோன்ஸ் என்பார் 1964-ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில், ஆப்பிரிக்காவின் கட்டைக்கருவிகள் இந்தோனேசியாவினின்று வந்தன என்று வாதித்தார். அவருடைய தலையாய சான்று சுருதி. ஒரு ஸ்தாயியை ஏழு சமபங்காகப் பகுக்கும் வழக்கம் கீழைக் கடல் நாடுகளிலும் ஆப்பிரிக்காவிலும் காணப்படுகின்றது என்பது அவர் கூற்று. சீயத்து இசைஞரின் கருவிகளில் அத்தகைய பகுப்பு இருத்தலை எல்லிஸ் என்பார் 1885-லேயே அளந்து கூறியிருந்தார். ஸ்தாயியை 1200 பங்காக்கின் ஒவ்வொரு படியும் ஏறத்தாழ 171. ஜோன்ஸின் உழைப்பை யான் இகழேன். மடகாஸ்கர்த் தீவின் மொழி போர்னியோத் தீவின் மொழிகளோடு உறவுடையது என்பது ஐயமற்ற உண்மையாதலின், அக்கடலைக் கடந்து மக்கள் வந்ததும் உண்மையே. ஆயினும் அவர் முடிபை அறிஞர் பலர் ஏற்கவில்லை. என் சிறு கருத்தும் அதுவே. ஒரு கட்டையைச் செதுக்கிச் சுருதி கூட்டிய கை, எண்ணை மட்டும் நம்புதல் எத்துணைப் பேதைமை என்பதை அறியும். மரம் காய்ந்தால் சுருதி மாறும், மழைக்காலத்தில் மாறும், அடிபட்டுத் தேய்ந்தால் மாறும், செய்தவன் மகன் மீண்டும் செதுக்கும்போது பின்னும் மாறும்.

இனி, உண்மையான உறவு ஒன்றைக் காட்டுவேன். ஆப்பிரிக்கர் தம் கட்டைகளின்கீழ்த் தொங்கவிடும் சுரைக்குடுக்கையின் பக்கத்தே சிறு துளையிட்டு, சிலந்தி தன் முட்டைகளைப் பொதிந்து வைக்கும் வெண்பட்டுப் படலத்தை அத்துளைமேல் ஒட்டுவர். கட்டையைத் தட்டும்போது அப்படலம் அதிர்ந்து வண்டு முரல்வதுபோல் ஓர் இரைச்சல் கூட்டும். நம் தம்புராவில் ஜீவா நூலை இட்டு முரலச் செய்வதை நினைவூட்டும் சுவை அது. இவ்விரைச்சலை மரம் கேட்கவில்லை, குடுக்கையும் கேட்கவில்லை, அது மனிதர் விருப்பம். நடு அமெரிக்காவிலுள்ள குவாத்தமாலா நாட்டில், மாயர் குடியினரின் பழைய மரிம்பாவைப் பாருங்கள். சுரைக்குடுக்கை, அதில் ஒரு துளை, துளையைச் சுற்றி மெழுகு வளையம், அதன்மேல் பன்றிக்குடலின் மெல்லிய சவ்வு, அதே முரற்சி! பெயரோ மரிம்பா. ஆப்பிரிக்கப் பந்து மொழிகளில் 'மா' என்பது பன்மை முன்னொட்டு; திம்பிலா, உம்பிரா முதலிய கருவிப் பெயர்களோடு ஒரே வேரில் நிற்பது அச்சொல். பெயரும், முரற்சியும், குடுக்கையும் ஆகிய மூன்றும் ஒருசேரத் தற்செயலாய் நிகழ்ந்தன என்று எவரும் கூறார்.

அக்கருவி ஆப்பிரிக்காவில் பழமையானது. ஒருகாலத்தில் நம் மதுரைக்கும் வந்து தங்கிய இபுன் பதூத்தா, 1352-ஆம் ஆண்டு மாலி நாட்டு அரசவையில், கீழே குடுக்கைகள் அமைத்துக் கோலால் தட்டும் கருவியைக் கண்டு எழுதிவைத்தார். குவாத்தமாலாவில் மரிம்பா ஒலித்ததாகக் கூறப்பெறும் பழைய நிகழ்ச்சி 1680-இல் நடந்த பேராலயத் திறப்பு விழாவே. இடையிலே நிகழ்ந்தது யாது? அடிமை வாணிகம். விலங்கிட்டுக் கப்பலில் அடைக்கப்பட்டவர் கருவியை எடுத்து வந்திருக்க இயலாது. அவர் கொணர்ந்தது கையின் நினைவும் காதின் நினைவும். புதிய நாட்டில் புதிய மரத்தைத் தட்டிப் பார்த்து, சிலந்திப் படலத்திற்குப் பதிலாகச் சவ்வைத் தேடி, தாம் இழந்த முரற்சியை மீட்டுக்கொண்டனர்.

குவாத்தமாலா அரசு 1978-இல் மரிம்பாவைத் தன் தேசியக் கருவியாக்கியது. தக்கதே. மாயர் அதனைத் தம் திருவிழாவிலும் திருமணத்திலும் ஏற்று வளர்த்தனர். 1890-களில் அந்நாட்டுச் செபஸ்தியான் உர்த்தாதோ முதலியோர் கட்டைகளை இருவரிசையாக்கிப் பன்னிரு சுரமும் இசைக்கச் செய்தனர். உர்த்தாதோ குடும்பத்தினர் 1915-ஆம் ஆண்டு சான்பிரான்சிஸ்கோப் பொருட்காட்சியில் இசைத்தனர். அமெரிக்கத் தொழிற்சாலைகளும் அக்கருவியைச் செய்து உலகெங்கும் பரப்பின. (பரப்பும்போது அம்முரற்சியைப் பெரும்பாலும் களைந்துவிட்டன. தூய்மை என்று எண்ணினர் போலும்!) என்னை வருத்துவது வேறு. மரிம்பா தொன்றுதொட்டு மாயர் கண்டதே. ஆப்பிரிக்கர்க்கு அதில் பங்கு இல்லை என்று அந்நாட்டில் வாதித்த நூலோர் உளர். நம் அகப்பொருள் நூல்கள் தலைவிக்கு நற்றாயையும் செவிலித்தாயையும் வேறு வேறாக வைத்து, இருவர் அன்பையும் பாடுகின்றன. மரிம்பாவிற்கு நற்றாய் ஆப்பிரிக்கா; செவிலி குவாத்தமாலா. செவிலியைப் போற்றுதற்காக நற்றாயை மறைப்பானேன்? அதிலும் விலங்கோடு வந்தவள் என்பதற்காக மறைத்தல் கொடிது. உடலைக் கவர்ந்தோர் பலர் இருந்தனர். அவள் தந்த இசையினின்று பெயரையும் கவர்தல் இரண்டாம் முறை களவாடுதலாகும்.

எங்கள் கூட்டத்து நண்பர் செய்ததும் இதற்கு அயலானது அன்று. ஆப்பிரிக்கர் கருவியை நமது என்று கூறும்போது, அவர்களை நம்மோடு சேர்த்துக்கொள்வதுபோல் ஓர் இனிய தோற்றம் உண்டாகின்றது. உண்மையில் அவர்கள் கையிலிருப்பதைப் பறித்துக்கொள்கின்றோம். ஒரு பக்கத்தார் மட்டும் கொண்டாடும் உறவு கைக்கிளையே. தமிழிசைக்குப் பெருமை வேண்டுமாயின் அதற்குப் போதுமான பொருள் நம்மிடம் உண்டு. திணைதோறும் ஒரு பறையும் ஒரு யாழும் வைத்த தொல்காப்பியர் வழியினர் பிறர் கட்டைக்கு உரிமை கோர வேண்டுவதில்லை.

பெரியவரிடம் ஏழு கட்டைகளையும் எடுத்துச் சென்று இவற்றையெல்லாம் கூறியபோது அவர் மற்றொரு செய்தி உரைத்தார். 1960-களின் தொடக்கத்தில் புலவாயோ நகரத்துக் குவாநொங்கோமா இசைக் கல்லூரியில், பள்ளிகளுக்கு ஏற்ற கருவி எதுவென ஆராய்ந்தனராம். அந்நாட்டில் ஷோனா, இந்தெபெலே என இரு பெருங் குடியினர். ஒருவர் கருவியைத் தேர்ந்தால் மற்றவர் மனம் வருந்தும். மரிம்பாவோ அவ்விருவர்க்கும் மரபாய் வந்ததன்று, அண்டை நாட்டாருடையது. அதனாலேயே அதனைத் தேர்ந்தனர் என்பர். முக்வா மரக்கட்டை, குடுக்கைக்குப் பதில் பிளாஸ்டிக்குக் குழாய், சிலந்திப் படலத்திற்குப் பதில் மெல்லிய பிளாஸ்டிக்குத் தாள், முரற்சியை மட்டும் விடவில்லை. இன்று அந்நாட்டுப் பள்ளிகள் பலவற்றில் இரு குடிப் பிள்ளைகளும் ஒரே வரிசையில் நின்று தட்டுகின்றனர். அங்குப் பயின்ற துமிசானி மராய்ரே என்பவர் 1968-இல் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்திற்குச் சென்று கற்பிக்க, அங்கும் அது வேரூன்றியது. எவர்க்கும் முன்னோர் சொத்தாய் இல்லாத கருவி இருவர்க்கும் பொதுவாயிற்று. இதனைக் கேட்டபோது என் நண்பர் தேடிய உறவு இதுவன்றோ என்று தோன்றிற்று. பழமையிலே தேடினார், அஃது 1960-களில் கிடைத்தது.

அவ்வமைப்பில் ஏழு சுரங்களோடு மத்திமம் மட்டும் இரண்டு உண்டு. ஆகவே நம் சங்கராபரணமும் கலியாணியும் அதில் வாசிக்கலாம், கமகந்தான் வாராது. கட்டைக்குக் கழுத்தை வளைக்கத் தெரியாது.

நண்பர் சென்ற வாரம் என் அறைக்கு வந்தார். மேசைமேல் தாள்கள் பறவாதபடி கெட்டுப்போன கைக்கிளைக் கட்டையை வைத்திருந்தேன். எடுத்துத் தட்டிப் பார்த்து, "இது ஏன் ஒலிக்கவில்லை?" என்றார். துளை இருக்கும் இடத்தைக் காட்டி உப்பையும் கொணர்ந்தேன். இரவு பதினொரு மணிவரை அவர் எழுந்திருக்கவில்லை. அறுவடைக்குப் பின் நல்ல வேங்கைத் துண்டு ஒன்று தருவதாக ஆசாரியார் கூறியிருக்கின்றார். இம்முறை உளியை நண்பரிடம் கொடுக்கலாம் என்றிருக்கின்றேன்.